ஹார்மோன் டி: வண்டியில் ஏற்றலாமா, எப்படி ஏற்றுவது?

மருத்துவமனை எட்டாத ஊர்களுக்கு மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ போய் வரும் நடமாடும் மருத்துவக் குழுக்களின் வண்டியில் காப்பர் டி, தோலுக்கடியில் வைக்கும் இம்பிளான்ட், ஊசி, மாத்திரை, ஆணுறை என்று கருத்தடை முறைகள் எல்லாம் பல காலமாக இருக்கின்றன. கருப்பைக்குள் வைக்கும் இன்னொரு கருத்தடைச் சாதனமான ஹார்மோன் டி பெரும்பாலும் இருப்பதில்லை. அதைச் சேர்ப்பதா வேண்டாமா, சேர்ப்பதென்றால் எந்த முறையில் என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்க்க வேண்டும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. வண்டி ஊரில் இல்லாத நாளில் ஒரு பெண் வந்து "இதை எடுத்துவிடுங்கள்" என்று கேட்டால் எடுத்துவிட அந்த ஊரிலேயே ஓர் ஆள் இருக்க வேண்டும். அப்படி ஓர் ஆளை உருவாக்க முடியாத இடத்தில் முதல் டி-யைக்கூடப் போடக் கூடாது.

சாதனத்தைப் பற்றி

பார்ப்பதற்குக் காப்பர் டி போலவே இருக்கும் சிறிய பிளாஸ்டிக் சாதனம் இது. செப்புக் கம்பிக்குப் பதிலாக அதன் தண்டில் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் இருக்கிறது. பரவலாகப் பயன்படும் வகையில் மொத்தம் 52 மில்லிகிராம். தொடக்கத்தில் நாளுக்கு ஏறத்தாழ 20 மைக்ரோகிராம் வீதம் கசிந்து, போகப் போகக் குறையும். கருப்பை வாயின் சளியைக் கெட்டிப்படுத்தி விந்தணுவைத் தடுக்கிறது, கருப்பையின் உள்சவ்வை மெலிய வைக்கிறது. மருந்து பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே வேலை செய்வதால் ரத்தத்தில் கலக்கும் அளவு கருத்தடை மாத்திரையைவிடக் குறைவு.

புதிய கண்டுபிடிப்பு என்று நினைத்துத் தயங்க வேண்டாம். 1990ல் பின்லாந்தில் மிரீனா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2015ல் தன் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இத்தனை காலம் ஏழை நாடுகளின் பொதுச் சுகாதாரத் திட்டங்களுக்குள் அது வராமல் போனதற்கு முக்கியக் காரணம் விலை. மொத்தமாக வாங்கினால் காப்பர் டி ஒன்று ஒரு டாலருக்கும் குறைவு. தனியார் சந்தையில் ஹார்மோன் டி பணக்கார நாடுகளில் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்றது. நன்கொடையாகவும், பொதுத் திட்டங்களுக்கென்றே குறைத்த விலையிலும் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் நைஜீரியா, ஜாம்பியா, கென்யா, மடகாஸ்கர் போன்ற நாடுகளில் சிறு அளவில் கொடுத்துப் பார்க்க முடிந்தது. இன்றும் காப்பர் டி-யைவிட இது பல மடங்கு விலை கூடியதுதான். அதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை.

காப்பர் டி இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. காப்பர் டி 380ஏ பத்து ஆண்டுகளுக்கு மேல் காக்கும். ஹார்மோன் டி-க்குப் பல நாடுகளில் 5 ஆண்டு என்றுதான் உறையில் இருக்கிறது, அமெரிக்காவில் 2022 முதல் 8 ஆண்டு. கர்ப்பத்தைத் தடுக்கும் திறனில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: முதல் ஆண்டில் 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே தவறுகிறது. ஹார்மோனே வேண்டாம் என்கிற பெண்ணுக்கும், பாதுகாப்பில்லாத உறவுக்குப் பின் ஐந்து நாளுக்குள் அவசரமாக வருகிற பெண்ணுக்கும் காப்பர் டி-தான் முதலில் நினைவுக்கு வர வேண்டியது. ஆகவே அதை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு இதை ஏற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

வேறுபாடு முழுக்க உதிரப்போக்கில் இருக்கிறது. காப்பர் டி போட்டால் மாதவிலக்கு அதிகமாகும், வலியும் கூடும், முக்கியமாக முதல் சில மாதங்களில். ஹார்மோன் டி-யில் முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை ஒழுங்கில்லாமல் சொட்டுச் சொட்டாகப் படும். அதன் பிறகு குறைந்துகொண்டே வரும். ஓராண்டு முடிவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கே நின்றிருக்கும். மாதவிலக்கில் அளவுக்கு மீறி உதிரம் போவதற்கு மருந்தாகவே இதை மருத்துவர்கள் போடுகிறார்கள்.

வண்டி போகும் ஊர்களில் வாழும் பெண்களை நினைத்துப் பார்த்தால் இந்த வேறுபாட்டின் எடை புரியும். ஏற்கெனவே ரத்தசோகையோடு வயலிலும் வீட்டிலும் உழைக்கிறவர்கள். மாதம் தோறும் துணி மாற்றவே இடமும் தண்ணீரும் போதாதவர்கள். அவர்களிடம் "காப்பர் டி போட்டால் கொஞ்சம் அதிகமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது எளிது, பொறுப்பது அவர்கள்தான். போக்கைக் குறைக்கும் ஒரு சாதனம் இருக்கிறது என்றால் அதை நகரத்தில் பணம் உள்ளவர்களுக்கு மட்டும் வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லாருக்கும் இது பொருந்தாது. மாதவிலக்கு வந்தால்தான் "கர்ப்பம் இல்லை" என்று நிம்மதி அடைகிற பெண்கள் இருக்கிறார்கள். போக்கு நின்றால் கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடும் என்ற பயமும் பரவலாக இருக்கிறது. உள்சவ்வே மெலிந்துவிடுவதால் வெளியேற வேண்டியது எதுவும் அங்கே சேர்வதில்லை என்பதைப் பொறுமையாக விளக்க வேண்டும். விளக்கிய பிறகும் ஒரு பெண் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இம்பிளான்ட்டோடு ஒப்பிட்டால்

இந்தக் கட்டுரையின் மையமே இந்தப் பகுதிதான். நடமாடும் குழுக்கள் இம்பிளான்ட்டை விரும்புவதற்குக் காரணம் வெளிப்படை. மேல்கையில் மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கடியில் குச்சியைச் செலுத்திவிட்டால் சில நிமிடத்தில் வேலை முடிந்தது. உள்பரிசோதனை இல்லை, தனிக் கட்டில் தேவையில்லை, வரிசை வேகமாக நகரும். ஹார்மோன் டி போடுவதற்கு மறைப்பான இடம், நல்ல வெளிச்சம், கருப்பை வாயைப் பார்க்க விரிக்கும் ஸ்பெகுலம் என்ற கருவி, கருப்பையின் ஆழத்தை அளக்கும் கம்பி, ஒவ்வொரு பெண்ணுக்கும் ஸ்டெரிலைஸ் செய்த தனி செட் என்று நிறைய வேண்டும். பழகிய கை வேண்டும். போடுகிற நாளை மட்டும் பார்த்தால் இம்பிளான்ட் ஜெயித்துவிடும்.

எடுக்கிற நாளைப் பாருங்கள். இம்பிளான்ட்டை எடுக்க மரத்துப்போக ஊசி போட்டு, தோலைச் சிறிதாகக் கீறி, திசுவுக்குள் சிக்கியிருக்கும் குச்சியைத் தேடி வெளியே கொண்டுவர வேண்டும். ஆழமாகப் போய்விட்டிருந்தால் ஊர் சுகாதார நிலையத்தில் முடியாது. ஹார்மோன் டி-யை எடுக்க ஸ்பெகுலம் வைத்து, சாதனத்தின் அடியில் தொங்கும் நூலை இடுக்கியால் பிடித்து, மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் சில நிமிடத்தில் வந்துவிடும். கீறல் இல்லை, தையல் இல்லை.

ஆக இம்பிளான்ட்டில் எளிய வேலையைக் குழு செய்துவிட்டுப் போகிறது, கடினமான வேலை ஊரில் மிஞ்சுகிறது. டி-யில் கடினமான வேலை நிபுணர்கள் வந்திருக்கும் அன்றே முடிந்துவிடுகிறது, மிஞ்சுவது எளியது. வந்து போகிற சேவைக்கு எது பொருத்தம் என்பதை இந்தக் கோணத்தில் பார்த்தவர்கள் குறைவு என்று நினைக்கிறேன்.

இதை வெறும் கணக்காகச் சொல்லவில்லை. ஆறு குச்சி கொண்ட நார்பிளான்ட் என்ற பழைய இம்பிளான்ட் வந்த காலத்தில் இந்தோனேசியாவிலும் வங்கதேசத்திலும் எடுக்கச் சொல்லிக் கேட்ட பெண்கள் அலைக்கழிக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. அதற்கு முன் 1965ல் இந்தியா, கருப்பைக்குள் வைக்கும் பிளாஸ்டிக் சாதனமான லிப்பிஸ் லூப்பை நாடு முழுவதும் முகாம் போட்டுப் பரப்பியது. போட்டவர்களின் எண்ணிக்கைதான் பெரிதாகப் பேசப்பட்டது. உதிரம் கொட்டியபோது கேட்க ஆளில்லாத பெண்களின் கதை ஊர் ஊராகப் பரவியது, சில ஆண்டுகளில் லூப் என்றாலே விலகிப் போனார்கள். அந்தச் சொல் இன்னும் நம் பேச்சில் இருக்கிறது, அந்தப் பயமும் இருக்கிறது. ஹார்மோன் டி-யை அதே அவசரத்தில் பரப்பினால் அடுத்த ஒரு தலைமுறைக்கு அதன் பெயரும் கெட்டுவிடும்.

ஊசி, மாத்திரையைப் பற்றி ஒரு வரி போதும். மூன்று மாத ஊசியைப் பெண்களே போட்டுக்கொள்ளும் வகை வந்துவிட்டது, உலக சுகாதார நிறுவனமும் 2019 முதல் அதைப் பரிந்துரைக்கிறது. வண்டி வராவிட்டாலும் நிற்காத முறை என்பதால் அதற்கென்று ஓர் இடம் எப்போதும் உண்டு. கடைசியில் அதற்குத் திரும்ப வருகிறேன்.

எந்த முறையில் கொண்டு போவது?

முதல் வழி, எல்லாவற்றையும் வண்டியே செய்வது. குழு வருகிறது, ஆலோசனை சொல்கிறது, போடுகிறது, போய்விடுகிறது. தொடங்க எளிது. காப்பர் டி போட்டுப் பழகிய செவிலியர்களுக்கு நீண்ட பயிற்சியும் தேவையில்லை. ஆனால் செலுத்தும் முறை வேறு என்பதை மறந்துவிடக் கூடாது. காப்பர் டி-யில் செலுத்தும் குழாயைக் கருப்பையின் உச்சி வரை கொண்டுபோய்ப் பின்னுக்கு இழுப்பார்கள். மிரீனா வகைச் செலுத்துகுழாயில் உச்சிக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் முன்பே நிறுத்தி, டி-யின் இரு கைகளும் விரியப் பத்து நொடி பொறுத்து, அதன் பிறகுதான் உச்சிக்குத் தள்ள வேண்டும். பழைய கைப்பழக்கத்திலேயே செய்தால் டி சரியான இடத்தில் உட்காராது. மாதிரி உருவத்தில் நன்றாகப் பழகிய பிறகே பெண்ணிடம் வர வேண்டும்.

ஒரு முகாமில் எத்தனை பேருக்குப் போடலாம் என்பதைக் கருவிகள்தான் தீர்மானிக்கும். எட்டு செட் இருந்தால், நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் ஓட வசதியில்லாத இடத்தில், அன்று எட்டுப் பேர்தான். ஒன்பதாவது பெண் நெடுந்தூரம் நடந்து வந்திருந்தாலும் முந்தைய செட்டைக் கழுவித் துடைத்துவிட்டுப் பயன்படுத்தும் ஆசை யாருக்கும் வரக் கூடாது. அந்த ஆசை வராமல் இருக்க ஒரே வழி, செட்டுகளை அதிகமாக வாங்குவது. புதிய சாதனத்துக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இந்தச் செலவை மறந்துவிடுகிறார்கள்.

இந்த வழியின் பெரிய ஓட்டை வண்டி கிளம்பிய பிறகு தெரியும். போட்ட முதல் மூன்று வாரத்தில்தான் தொற்று வரும் வாய்ப்பு அதிகம். டி தானாக வெளியே வந்துவிடுவதும் பெரும்பாலும் முதல் ஆண்டில், அதிலும் தொடக்க மாதங்களில். திட்டுத்திட்டாகப் படுவதைப் பார்த்துப் பெண் பதறுவதும் அப்போதுதான். மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் ஒரு முறை பார்ப்பது நல்லது என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. குழுவோ மூன்று மாதம் கழித்துத்தான் வரும்.

ஹார்மோன் டி-க்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. காப்பர் டி வைத்திருக்கும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் உடனே சந்தேகம் வரும். ஹார்மோன் டி-யில் மாதவிலக்கு நின்றே போகலாம் என்று சொல்லித்தானே அனுப்புகிறோம். சாதனம் தெரியாமல் விழுந்து, அதன் பின் கர்ப்பமே ஆனாலும் அவள் அதை மருந்தின் விளைவு என்று நினைத்துக்கொள்ளலாம். குறைந்திருந்த போக்கு திரும்பவும் பழையபடி அதிகமானாலோ, நூல் கைக்குத் தட்டுப்படாவிட்டாலோ வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். வந்து காட்ட யாராவது இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, ஊர் சுகாதார நிலையத்தின் செவிலியருக்கே முழுப் பயிற்சி கொடுத்து அவரையே போடச் சொல்வது. காகிதத்தில் இதைவிட நல்ல வழி இல்லை. நடைமுறையில், மாதத்துக்கு ஓரிரு பெண்கள்தான் கேட்டு வருகிற சிறிய நிலையத்தில் கற்ற கை மறந்துபோகும். கருப்பையில் துளை விழுவது அரிதுதான், ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில். தாய்ப்பால் கொடுக்கும் பெண்களுக்கு அந்த ஆபத்து பல மடங்கு கூடுகிறது, பழகாத கையிலும் கூடுகிறது. குழந்தை பெற்று ஓராண்டுக்குள் இருக்கும் பெண்கள்தான் இந்த முகாம்களுக்கு அதிகம் வருகிறார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். பயிற்சி பெற்ற செவிலியர் இடமாற்றத்தில் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிரசவம் நிறைய நடக்கும் பெரிய நிலையங்களுக்கு இந்த வழி பொருந்தும். வண்டி போகும் கடைக்கோடி ஊர்களுக்குத் தொடக்கத்திலேயே இது வேண்டாம் என்பேன்.

மூன்றாவது வழி, நகர மருத்துவமனையில் மட்டும் வைத்துக்கொண்டு, வண்டியில் ஆலோசனை மட்டும் சொல்லி அங்கே அனுப்புவது. பாதுகாப்பானது. ஆனால் வண்டி என்று ஒன்று தேவைப்பட்டதே நகரத்துக்குப் போக முடியாதவர்களுக்காகத்தான். சீட்டு எழுதிக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்வார்கள்? போக்குவரத்துச் செலவையும் கொடுத்து அழைத்துப் போனால்தான் இதை வழி என்றே சொல்லலாம்.

நான் சொல்வது முதலாவதையும் இரண்டாவதையும் பாதி பாதியாகச் சேர்த்த ஒரு வழி. போடுவது குழுவின் வேலை. எடுப்பதும் பார்த்துக்கொள்வதும் ஊர்ச் செவிலியரின் வேலை. வழக்கமான பயிற்சி வரிசையை இது தலைகீழாக்குகிறது: செவிலியர் முதலில் கற்பது எடுப்பதை. நூலைப் பார்த்து உறுதி செய்ய, இடுக்கியால் எடுக்க, தொற்றின் அறிகுறியைக் கண்டு மருந்து தொடங்க, கர்ப்பப்பைக்கு வெளியே கரு தங்கியிருக்குமோ என்று சந்தேகப்பட்டால் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப. ஏற்கெனவே காப்பர் டி போட்டிருக்கும் பெண்களிடமே இவற்றைப் பழகலாம். ஒவ்வொரு வருகையிலும் அவர் குழுவின் பக்கத்தில் நின்று போடுவதையும் பார்க்கட்டும், சில வருகைகளுக்குப் பிறகு மேற்பார்வையில் போடட்டும். எப்போது தனியாகப் போடலாம் என்பதை அவருடைய கையும் அந்த ஊரின் எண்ணிக்கையும் சொல்லும்.

நூல் காணாமல் போனால் ஊர்ச் செவிலியரால் எடுக்க முடியாது, அனுப்பித்தான் ஆக வேண்டும். எந்த மருத்துவமனைக்கு, யார் செலவில் என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்து வைக்க வேண்டும்.

இந்த வழிக்குச் செலவு கூடுதல். முகாமில் நேரமும் கூடுதலாகப் பிடிக்கும், அன்று பார்க்கும் பெண்களின் எண்ணிக்கை குறையும். குழுவுக்கு மாத இலக்கு வைத்து, எண்ணிக்கைக்கு ஏற்ப ஊக்கத்தொகை கொடுக்கிற நிர்வாகத்தில் இது நிச்சயம் தோற்கும். இலக்கு வைத்தே தீருவோம் என்றால் எடுக்கக் கேட்டு வந்தவர்களில் எத்தனை பேருக்கு அன்றே எடுத்தோம் என்பதையும் அதே பலகையில் எழுத வேண்டும். "இன்னும் கொஞ்சம் நாள் பாருங்கள்" என்று இரண்டாம் முறை திருப்பி அனுப்புவது ஆலோசனை ஆகாது.

சிறிய விஷயங்கள், ஆனால் விடக் கூடாதவை

பதிவேட்டில் காப்பர் டி-க்கும் ஹார்மோன் டி-க்கும் ஒரே கட்டம் இருந்தால் இரண்டும் கலந்துவிடும். எந்த டி எவ்வளவு கையிருப்பு என்பது தெரியாமல் போகும். அதைவிட மோசம், ஆறாம் ஆண்டில் ஒரு பெண் வந்து நின்றால் அவளுக்குள் இருப்பது காலம் முடிந்ததா, இன்னும் பல ஆண்டு மிச்சம் உள்ளதா என்று சொல்ல முடியாது. இரண்டு கட்டம் போடுங்கள். பெண்ணிடம் சாதனத்தின் பெயர், போட்ட தேதி, மாற்ற வேண்டிய ஆண்டு எழுதிய அட்டையைக் கொடுங்கள். அட்டை வீட்டில் யார் கண்ணிலும் படக் கூடாது என்று சொல்கிற பெண்களும் இருப்பார்கள். அவர்கள் விவரம் நிலையத்தில் பத்திரமாக இருக்க வேண்டும்.

குளிர்ப்பெட்டி தேவையில்லை, ஆனால் 30 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்கச் சொல்கிறார்கள். நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அதைவிட அதிகச் சூடு ஏறும். முகாமுக்கு வந்ததும் பெட்டியை நிழலுக்கு மாற்றுவது யார் பொறுப்பு என்று ஒருவர் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

வரிசையில் நிற்கும்போதே ஆலோசனையை முடித்துவிடும் பழக்கம் இந்தச் சாதனத்துக்குச் சரிவராது. மாதவிலக்கு மாற்றம், தொற்றின் வாய்ப்பு, காரணம் தெரியாத உதிரப்போக்கு, மார்பகப் புற்றுநோய் இருந்ததா என்பதையெல்லாம் பத்துப் பேர் காதில் விழக் கேட்க முடியாது. மாமியாரோ கணவரோ கூட வந்திருந்தாலும் கொஞ்ச நேரமாவது அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும். முந்தைய வாரமே ஊர்ச் சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகப் போய் எல்லா முறைகளையும் சொல்லியிருந்தால் முகாம் நாளில் பாதிச் சுமை குறையும்.

சேர்க்கவே கூடாத இடங்கள்

செவிலியர் பணியிடம் காலியாகவே கிடக்கும் நிலையம், மழைக்காலத்தில் மூன்று நான்கு மாதம் வண்டியே போக முடியாத ஊர், குடிபெயர்ந்து கொண்டே இருக்கும் மக்கள் கூட்டம். இந்த இடங்களில் ஹார்மோன் டி-யைப் போட்டுவிட்டு வருவது அந்தப் பெண்ணை அதோடு தனியே விட்டுவிட்டு வருவதுதான். இம்பிளான்ட்டுக்கும் இதே பேச்சு பொருந்தும் என்பதால் அதையும் அங்கே யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். அங்கெல்லாம் தானே போட்டுக்கொள்ளும் ஊசியை, அடுத்த வண்டி தாமதமானாலும் தீர்ந்துவிடாத அளவுக்கு முன்கூட்டியே கையில் கொடுத்து, போட்டுக் காட்டி, போட வைத்துப் பார்த்து வரலாம். பிடிக்காவிட்டால் அடுத்த தவணையைப் போடாமல் விடுவது அவளால் முடியும். அதற்கு யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. நீண்ட காலச் சாதனம்தான் வேண்டும் என்று உறுதியாகக் கேட்கிற பெண் அங்கேயும் இருப்பாள். அவளை வண்டியிலேயே ஏற்றி அருகிலுள்ள பெரிய நிலையத்துக்கு அழைத்துப் போய்ப் போட்டு, திரும்பக் கொண்டுவந்து விட, அந்தப் பயணத்தில் ஓர் இருக்கையைக் காலியாக வைத்திருக்கலாம்.